கேமராவுக்குப் பின்னால் நின்றவள்

இன்று காலை வெட்டுத்துணி மூட்டையைத் தரையில் கொட்டித் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியின் ஜாக்கெட்டுக்கு ஒட்டுப் போட வேண்டியிருந்தது. சிவப்பும் மஞ்சளுமாகக் குவிந்த துண்டுகளுக்கு நடுவே ஒரு பச்சைத் துணி வந்தது. ஆஸ்பத்திரிப் பச்சை. ஒரு முழம்கூட இருக்காது. ஓரத்தில் நான் போட்ட சாக்பீஸ் கோடு இன்னும் அழியவில்லை. கையில் எடுத்ததும் வேலையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன், தங்கச்சி.

நீ கேட்ட திரைத்துணியின் மிச்சம் அது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, நைனார்பாளையத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, ஒரு ஸ்கிரீன் தச்சுக் குடு. அந்த ரூம் கதவுக்குத் தாழ்ப்பாளே கெடையாது. டாக்டரு பேசிக்கினு இருக்கும்போதே ஆளுங்க எட்டி எட்டிப் பாக்கறாங்க. பொம்பளைங்க வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க" என்றாய்.

கரியாலூரைத் தாண்டி உள்ளே இருக்கும் அந்தச் சின்ன சுகாதார நிலையத்தில் நீ நர்ஸாக இருந்தாய். நீ போன புதிதில் அங்கே ஒருவருக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால் வெள்ளிமலை வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த வளைவுகளில் பஸ் நிற்பதும் உண்டு. ஒரு நாள் வேலை போய்விடும் என்று பாதிப் பேர் இறங்கவே மாட்டார்கள், தானாகச் சரியாகும் என்று இருந்துவிடுவார்கள். சிலருக்குச் சரியாகவும் ஆனது. ஆகாதவர்களைப் பற்றி நீ சாப்பிடும்போது சொல்வாய். சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

பிறகுதான் அந்த டேப் வந்தது. பலகை போல ஒரு பெரிய போன். அதைத் திறந்தால் கீழே டவுனில் உட்கார்ந்திருக்கும் டாக்டரின் முகம் தெரியும். அவர் கேட்பார், நோயாளி சொல்வார், நீ பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்து அனுப்புவாய். மருந்துச் சீட்டு அதிலேயே வந்துவிடும். வந்த அன்று எனக்குப் போன் செய்தாய். "அக்கா, ஒங்கையிலயும் டேப்பு, எங்கையிலயும் டேப்பு. நீ ஒடம்ப அளக்கற, நானும் அளக்கறேன்" என்று சிரித்தாய். நம் அப்பா சங்கராபுரத்து வீட்டில் முதன்முதலாக மின்விசிறி மாட்டிய அன்று சிரித்தாயே, அதே சிரிப்பு.

நல்லது நடந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இழுப்பு வந்த குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் பார்த்துக்கொண்டே சொல்ல, நீ செய்தாய். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. நெஞ்சுவலி என்று வந்த ஒருவரை, சும்மா வாயுப்பிடிப்பு என்று அனுப்பாமல் உடனே கீழே ஏற்றிவிட்டாய். மழை பெய்தால் சிக்னல் போய்விடும், டாக்டர் முகம் சதுரம் சதுரமாக உடையும், அப்போதெல்லாம் டேப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் பாறைமேல் ஏறி நிற்பாய். நோயாளி குடை பிடிப்பார்.

பெண்கள் விஷயம்தான் வேறாக இருந்தது. அவர்கள் வருவார்கள், கேமராவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு "தலவலி" என்பார்கள். தலைவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நீ அதைக் கண்டுபிடித்தாய். டாக்டரிடம் பேசி முடித்து டேப்பை மூடியபிறகு, அவர்கள் எழுந்திருக்கும் நேரத்தில், "டாக்டரு கிட்ட சொல்லாம வுட்டது இன்னா? என்கிட்ட சொல்லு" என்று கேட்பாயாம். அப்போதுதான் உண்மை வரும். அதற்கப்புறம் டாக்டரை மறுபடி கூப்பிடுவாய்.

ராமாயி அப்படி வந்தவள்தான். சாமைக் கொல்லையில் வேலை செய்கிறவள், என் வயதுதான் இருக்கும். தோள்வலி என்று வந்தாள். மூடியபிறகு நீ கேட்டதும், மார்பில் ஒரு கட்டி என்றாள். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றதற்கு எழுந்து ஓடப் பார்த்தாள்.

"அதுல போட்டோ புடிச்சி வச்சிக்குவாங்களாமே. எங்க ஊட்டுக்காரரு போன்லயும் வரும்னு சொல்றாங்க."

"வராது. நான் பொறுப்பு."

"அந்த ஆளு பாப்பாரே."

அப்போதுதான் நான் தைத்துக் கொடுத்த பச்சைத் துணியைக் கதவில் மாட்டினாய். டேப்பை ராமாயிக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்தாய். டாக்டர் கேட்கட்டும், பார்க்க வேண்டாம் என்று சொல்லி, உன் கையால் தொட்டுப் பார்த்து அவருக்கு வாயால் சொன்னாய். அவரும் நல்ல மனிதர், கோபிக்கவில்லை. பெண் டாக்டர் இருக்கும் நாளைச் சொல்லி, கீழே வரச் சொன்னார். நீயே கூட்டிக்கொண்டு போனாய். அறுவைச் சிகிச்சை ஆயிற்று. ராமாயி பிழைத்தாள்.

அந்தக் கதையை என் வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். என் வீட்டுக்காரர், உன் மாமா, பக்கத்தில் இருந்ததால் பாதியைக் கண்ணாலேயே சொன்னாய். உன் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். டாக்டர்கள் பிறகு சொன்னதை வைத்துப் பார்த்தால், அன்றைக்கே உன் உடம்பிலும் அது இருந்திருக்கிறது. உனக்குத் தெரிந்தும் இருந்திருக்கலாம். அதை நான் உன்னிடம் கேட்கவே இல்லை.

எனக்குத் தெரிய வந்தது ஒரு ஜாக்கெட்டால். கிறிஸ்துமஸுக்கு எடுத்த புடவைக்குத் தைக்கச் சொன்னாய். பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் "எடது பக்கம் கொஞ்சம் லூசா வுடுக்கா, புடிக்குது" என்றாய். ஒரு பக்கம் மட்டும் லூசாக விடு என்று இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. கையைத் தூக்கு என்றேன். இஞ்ச் டேப்பை அக்குளுக்குக் கீழே கொண்டுபோனதும் நெருப்புப் பட்டது போலத் துள்ளினாய்.

"இன்னாடி இது?"

"ஒண்ணும் இல்லக்கா. கொழுப்புக் கட்டி."

"எத்தினி நாளா?"

நீ ஜன்னலைப் பார்த்தாய். நான் கதவைச் சாத்தினேன், ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னேன். கழற்றினாய். நான் பார்த்ததை இங்கே எழுத மாட்டேன்.

அழுகை வரவில்லை எனக்கு, கோபம்தான் வந்தது. "ஊரு ஒலகத்துக்கெல்லாம் காட்டு காட்டுன்னியே. ஒனக்கு மட்டும் இன்னா வந்துச்சி? தெனம் டாக்டர் மூஞ்சியிலதான முழிக்கற?" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

நீ ஜாக்கெட்டை மெதுவாக மாட்டிக்கொண்டு கொக்கி போட்டாய்.

"அதான்க்கா. தெனம் காலையில 'குட் மார்னிங் சிஸ்டர்'னு சொல்ற மனுஷன்கிட்ட நான் எப்படிக்கா சொல்லுவேன்? அப்பால என் பேர கம்ப்யூட்டர்ல ஏத்தணும். ஏத்தினா ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். மீட்டிங்ல செவுத்துல படம் காட்டுவாங்க, அதுல நான் ஒரு கேஸா வருவேன்."

"வந்தா வருது. உசுரு பெருசா, பேரு பெருசா?"

அப்போது நீ சொன்னது இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. "ராமாயிக்கு அது இன்னான்னு தெரியாதுக்கா. அதான் தைரியமா வந்தா. எனக்குத் தெரியும்."

மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன், ஊசி வைத்துச் சதை எடுப்பது, காத்திருப்பது, மறுபடி காத்திருப்பது. வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே உன் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த டாக்டர், நீ நர்ஸ் என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் உன்னையே பார்த்தார். எலும்பு வரைக்கும் போய்விட்டது என்று உன்னிடம் நேராகவே சொன்னார். நீ தலையாட்டினாய், யாரோ ஒரு நோயாளியின் விவரம் கேட்டுக்கொள்வது போல.

மருந்து ஏற்ற ஏற்ற முடி கொட்டியது. என் வீட்டுக்கே வந்துவிட்டாய். மலைமேல் உன் இடத்துக்கு வேறு ஒருவர் போனார். ஒரு நாள் அந்த டவுன் டாக்டர் வீடியோவில் கூப்பிட்டார். நீ சட்டென்று முந்தானையால் தலையை மூடிக்கொண்டாய். மலையில் அந்தப் பெண்கள் இழுத்து மூடியதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

"சிஸ்டர், தெனமும் பாத்தோமே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"ஒங்க மேல தப்பு இல்ல சார். கேமராவுக்குப் பின்னாடி நிக்கறவள யாரு பாப்பாங்க?" என்று நீ அவரைத் தேற்றினாய். அதைச் சொல்லும்போது உன்னிடம் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சமையலறைக்குப் போய்விட்டேன்.

கடைசி மாதங்களில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக உன்னால் முடியவில்லை. வீடியோவிலேயே பார்க்கிறோம் என்றார்கள். இப்போது நீ கேமராவுக்கு முன்னால் வந்தாய். அங்கேயிருந்து ஒரு பெண் டாக்டர் பேசுவார், சின்ன வயது, பொறுமையானவர். நீ படுத்த இடத்திலிருந்தே எனக்கு வேலை சொல்வாய். "ஜன்னல் பக்கம் புடிக்காதக்கா, மூஞ்சி கருப்பா தெரியும். கொஞ்சம் தள்ளி நில்லு. சாஞ்சாப்ல புடி." உடம்பு போய்க்கொண்டிருந்தது, தொழில் போகவில்லை.

"வலி பத்துக்கு எவ்வளவு சொல்லலாம்?" என்று அந்த டாக்டர் கேட்பார்.

"ஆறு மேடம்" என்பாய்.

விடியும்வரை தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தவள் நீ. ஒரு நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. போனை என் பக்கம் திருப்பி, "பொய் சொல்றா டாக்டரம்மா. பத்து. பத்துக்கும் மேல" என்றேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "நானும் இப்படித்தான்கா, பேஷண்ட்டுங்க சொன்னத நம்பவே மாட்டேன்" என்றாய்.

அந்த வலிக்கான மாத்திரையை எழுதிக் கொடுக்க அவர்களால் முடிந்தது, அனுப்ப முடியவில்லை. அந்த மாத்திரை ஊர்க் கடையில் கிடைக்காது. ஆள் நேரில் போய், கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். உன் மாமா மரவள்ளி பிடுங்கும் வேலையை விட்டுவிட்டு விடியற்காலை பஸ் ஏறுவார், பொழுது சாய்ந்து வருவார். அந்தப் பகல் முழுக்க நீயும் நானும் பஸ் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடப்போம். அந்தப் பக்கம் டாக்டரின் முகம் நம் கூடத்துக்கே வந்துவிடுகிறது, கண்ணீர் வந்தால்கூடத் தெரிகிறது. மருந்து மட்டும் எப்போதும் போலப் பஸ்ஸில்தான் வந்தது.

ஒரு முறை வலி மிஞ்சிப்போய் உன்னையே காரில் கொண்டுபோனோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் நீ கத்தினாய். அது வரை நான் உன்னிடம் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. திரும்பி வந்து படுக்கையில் விட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எங்கயும் தூக்கிக்கினு போவாதக்கா. இங்கயே இருக்கட்டும்" என்றாய்.

அதற்கடுத்த வாரம் அந்தப் பெண் டாக்டர் கூப்பிட்டார். இந்தத் தடவை வலியைப் பற்றிக் கேட்கவில்லை. உன் பெயரைச் சொல்லி, "நாங்க எல்லாரும் உக்காந்து பேசினோம். இதுக்கு மேல…" என்று ஆரம்பித்தார். அதோடு நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டது. வாய் பாதி திறந்தபடி, கண் கீழே பார்த்தபடி, அவர் முகம் திரையில் அசையாமல் நின்றது. நான் போனை ஆட்டினேன், வாசலுக்கு ஓடினேன், திரும்பி வந்தேன்.

"வுடுக்கா" என்றாய். "அவங்க சொல்ல வந்தது தெரியும். அணைச்சிடு, பாவம், அவங்கள அப்படியே வச்சிருக்காத."

நீ போனது ஒரு மத்தியானம். பக்கத்து மாதா கோயிலில் மணி அடித்து ஓய்ந்த நேரம். நான் உன் உதட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு ஒன்று வந்தது, அடுத்தது வரும் என்று துணியைப் பிடித்தபடியே காத்திருந்தேன். வரவில்லை.

அடக்கத்துக்கு மலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். நீ சொல்லிச் சொல்லிக் கேட்ட பெயர்களுக்கெல்லாம் அன்றுதான் முகம் பார்த்தேன். அந்த டவுன் டாக்டரும் வந்திருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர், மெதுவாக என்னிடம், "இவ்வளவு குள்ளமா இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். சொன்னதும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை நாளும் உன் முகத்தையும் கையையும் திரையில்தான் அவர் பார்த்திருக்கிறார்.

ராமாயி யாரோடும் சேரவில்லை. கல்லறையில் மண் போட்டு முடித்து எல்லோரும் திரும்பியபிறகு என்னிடம் வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"நீங்கதான அக்கா? அந்தப் பச்சத் துணி தச்சவங்க?"

"ஆமாம்மா."

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா அது? எனுக்காக அது நின்னுச்சே, அதுக்காக நான் வந்து நின்னிருக்க மாட்டனா? டவுனுக்குக் கூடப் போயிருக்க மாட்டனா? எங்கள எல்லாம் ஒண்ணும் தெரியாதவங்கன்னு நெனச்சிருச்சா?"

அவள் வேனில் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பல மாதங்களுக்கு அவள் கேட்ட கேள்வியை நானும் உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். தையல் மெஷினில் உட்கார்ந்தால் உன்மேல் கோபம் வரும். கோபத்தில் எத்தனையோ தையல் கோணிப்போய்ப் பிரித்திருக்கிறேன்.

உன் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என்னையும் சோதித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். கூடப் பிறந்தவர்கள் பார்த்துக்கொள்வது நல்லது என்றார். நாள் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் போன தை கழிந்து துணிந்தேன். இப்போது போனிலேயே பதிவு செய்துகொண்டு போகலாம், வரிசையில் நிற்க வேண்டாம் என்றார்கள். பெயர் அடித்தேன், வயது அடித்தேன். என்ன தொந்தரவு என்று ஒரு கட்டம் வந்தது. அதில் எழுத வேண்டியதை எழுத விரல் வரவில்லை. 'பொது' என்று இருந்ததை அழுத்திவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் போய் இறங்கி அந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் என் போனைப் பார்த்துவிட்டு, "பொதுன்னு போட்டிருக்கீங்க. இன்னா பண்ணுது உங்களுக்கு?" என்று சத்தமாகக் கேட்டாள். எனக்குப் பின்னால் ஆண்களும் பெண்களுமாக நின்றிருந்தார்கள். வாயைத் திறந்தேன்.

"காய்ச்சல்" என்றேன்.

காய்ச்சல் டாக்டரிடம் அனுப்பினார்கள். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, நைனார்பாளையம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். எனக்குத் தேவையில்லாத ஒரு அட்டை மாத்திரை மடியில் கிடந்தது. பஸ் சின்னசேலத்தைத் தாண்டும்போது அழுகை வந்தது. உன் சாவுக்குக்கூட அப்படி அழவில்லை. என் முன்னால் கருவி இருந்தது, ஆள் இருந்தது, பஸ் இருந்தது. உன்னைப் போல ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று சொல்லக்கூட எனக்குக் காரணம் இல்லை. ஆனாலும் வாயில் வந்தது அந்த வார்த்தைதான். உன்மேல் இருந்த கோபம் அந்த ஜன்னலோரத்தில் கழன்று போயிற்று. கோபம் போனபிறகு உள்ளே இருந்த இடம் வெறுமையாக இருந்தது, கோபம் இருந்ததே தேவலை என்று தோன்றியது.

அடுத்த வாரம் மறுபடி போனேன். அதே பெண், அதே கேள்வி. இந்தத் தடவை மேஜைமேல் குனிந்து, "மாருல கட்டி இருக்கான்னு பாக்கணும். என் தங்கச்சி அதுலதான் செத்துப்போனா" என்றேன். அந்தப் பெண் டைப் செய்வதை நிறுத்தினாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்து, தானே அந்த அறை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். குளிர்ந்த பசை தடவி, கருவியை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருஷம் ஒரு தடவை வாருங்கள் என்றார்கள். நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததற்காக வெட்கமும் வந்தது.

உன் வருஷத் திவசப் பூசையில் மாதா கோயில் சாமியார் உன் தைரியத்தைப் பற்றிப் பேசினார். மலையில் பெண்களுக்கு நீ தைரியம் கொடுத்தாய், அதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் எனக்கு நீ விட்டுப் போனது அது இல்லை, தங்கச்சி. தைரியத்தை நீ அந்தப் பெண்களுக்கே கொடுத்துத் தீர்த்துவிட்டாய். எனக்கு மிஞ்சியது உன் பயம்தான். எத்தனை நாளாக என்று கேட்டதும் ஜன்னலைப் பார்த்தாயே, அந்தப் பயம். அதை இறக்கி வைக்க எனக்கு இடம் தெரியவில்லை. வருஷா வருஷம் அதையும் தூக்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். ஆனால் ஏறுவேன்.